என்ஜாய் எஞ்சாமி பிறந்த கதை

எங்கள் காரைக்கால் சுரக்குடிப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, மைக்செட் கட்டிவிட்டால் முதலில் சாமி பாட்டு, பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் சினிமாப் பாட்டு. வேறு பாட்டுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். தமிழ்நாடு, புதுச்சேரி எங்கும் இதே கதைதான். ஒரு பாட்டு ஊர் ஊராகப் போக வேண்டுமென்றால் அதற்கு ஒரு படம் வேண்டும், அதில் ஒரு கதாநாயகன் வேண்டும், தியேட்டர் வேண்டும். 2021 மார்ச் 7ஆம் தேதி யூடியூபில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’க்கு இதில் எதுவுமே கிடையாது. ஆனாலும் மைக்செட்காரரின் பட்டியலில் அது ஏறிவிட்டது. இடுப்பிலிருக்கும் குழந்தையும் கைதட்டியது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆத்தாவும் தலையாட்டினார்.

எழுதியவர் அறிவு. பாடியவர்கள் தீயும் அறிவும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது கனடாத் தமிழர்கள் தொடங்கிய மாஜா என்ற நிறுவனம், ஏ. ஆர். ரகுமான் அதற்குத் துணை நின்றார். சில வாரங்களிலேயே கோடிக்கணக்கில் பார்வைகள். அடுத்த ஆண்டுக்குள் 40 கோடியைத் தாண்டிவிட்டது. சினிமாவைச் சாராத ஒரு தமிழ்ப் பாட்டுக்கு இப்படியொரு ஓட்டம் அதற்கு முன் வாய்த்ததில்லை.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாட்டு கருக்கொண்ட இடம். ஸ்டுடியோவுக்குள் நடந்தது கடைசிச் சில மாத வேலை மட்டும். அதற்கு முன்னால் நூறு நூற்றைம்பது வருஷ வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்கள் உழுதும் நட்டும் கையில் ஒரு குழி நிலமில்லாத சனம். அந்தச் சனம் கப்பலேறிய துறைமுகங்களில் எங்கள் காரைக்காலும் ஒன்று. அதனால் இந்தக் கதையைச் சென்னையிலிருந்து மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அறிவு வளர்ந்த இசைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிவு அரக்கோணத்துக்காரர், பொறியியல் படித்தவர். அவரை மேடைக்குக் கொண்டுவந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் கட்டிய குழு அது. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்தார்கள். 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மார்கழி மாதம். மயிலாப்பூர் சபாக்களில் கீர்த்தனைகள் ஒலித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், நகரத்தின் இன்னொரு மூலையில் 19 பேர் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். ஒரு பக்கம் டிரம்ஸும் கிடாரும். அதற்குச் சமமாகப் பறை, சட்டி, கட்டை மேளம். ராக், ராப், கானா மூன்றும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்ளாமல் ஒரே பாட்டுக்குள் வந்தன.

அந்த இரவு நடந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கானாவும் பறையும் அதுவரை சாவு வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்டிருந்தவை. சினிமா அவற்றைக் கடன் வாங்கியது, ஆனால் குத்துப்பாட்டு என்று பேர் வைத்து ஒதுக்கியும் வைத்தது. இந்தக் குழு அதே தாளத்தை எடுத்து இட ஒதுக்கீட்டையும் மலக்குழி மரணத்தையும் பாடியது. குழுவிலிருந்த இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைத் தன் குரலால் பாடி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அறிவு 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குறள்’ தொகுப்பை வெளியிட்டார். ராப் என்றால் அமெரிக்கச் சரக்கு என்று நினைத்திருந்தவர்களின் காது, இந்த மூன்று வருஷத்தில் மெல்ல மெல்லப் பழகியது. 2021இல் பாட்டு வந்தவுடன் பற்றிக்கொண்டதற்கு இந்தப் பழக்கம் ஒரு பெரிய காரணம். விறகு முன்பே காய்ந்திருந்தது.

அறிவின் பாட்டி பெயர் வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து அரக்கோணத்தில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். தேயிலைக் காடுகளைத் திருத்திய குடும்பம், ஊர் திரும்பியபோது கையில் ஒன்றுமில்லை. பேட்டிகளில் அறிவு திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: பாட்டி சொன்ன கதையும் பாடிய பாட்டுமே தன் எழுத்து என்று. காணொளியில் வள்ளியம்மாள் தோன்றவும் செய்கிறார்.

அந்தத் தோட்டத்துக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலங்கையில் வெள்ளைக்காரர்கள் முதலில் போட்டது காப்பி. அதற்கு ஆள் வேண்டும் என்று தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துச் சனங்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து கண்டிச் சீமைக்குக் காட்டு வழியாக நடை. வழியில் காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது. பிறகு காப்பி அழிந்து தேயிலை வந்தது. முதலாளிகள் பயிரை மாற்றிக்கொண்டார்கள். சனத்துக்கு அதே கங்காணி, அதே கடன், லயம் என்ற அதே வரிசை வீடு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றாலும் பழைய கடனை எழுதிய துண்டோடுதான் போக முடியும்.

நாடு விடுதலையானபோது அவர்களுக்கு நாடே இல்லாமல் போயிற்று. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் சுமார் ஏழு லட்சம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்போதைக்கு ஓரமாக வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சனத்தை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, பாட்டன் பெயரளவில் மட்டும் அறிந்த ஊர்களைத் தேடிப் போனார்கள். இங்கே ‘சிலோன்காரர்கள்’ என்றார்கள். அங்கே ‘கள்ளத்தோணி’ என்றிருந்தார்கள்.

இந்தக் கதையில் காவிரிக் கடைமடைக்கும் பங்குண்டு. 1850களிலிருந்து 1880கள் வரை பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அடிமை முறை ஒழிந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போன நேரம் அது. குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். பெரும்பாலோர் தமிழ்ப் பக்கத்தவர்கள். வழியிலும் தோட்டத்திலும் மாண்டவர்கள் போக மிஞ்சியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே மாரியம்மனையும் மதுரை வீரனையும் கும்பிடுகிறார்கள். பேச்சிலிருந்து தமிழ் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. பூசையில் மட்டும் தமிழ்ப் பாட்டு நின்றுவிட்டது. பொருள் தெரியாமலேயே பேரன்மார் பாடுகிறார்கள். நிலம் போகும், நாடு போகும், மொழிகூடப் போகும், பாட்டு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சாட்சி அந்தத் தீவுகள்தான்.

கப்பலேறாதவர்கள் மட்டும் வாழ்ந்துவிட்டார்களா? அவர்கள் இங்கே பண்ணையாள்களாகக் கிடந்தார்கள். 1952இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்குச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. காரைக்கால் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒன்று வர 1966 ஆயிற்று. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே நெல், ஒரே நடவு. சட்டம் மட்டும் பதினான்கு வருஷம் பிந்தி வந்தது.

சரி, பாட்டுக்கு வருவோம். 2020 கடைசியில், கொரோனாவில் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த வருஷம். ‘காக்கா முட்டை’ இயக்குநர் மணிகண்டனும் ஆரம்பத்தில் பேச்சில் இருந்தார். ‘கடைசி விவசாயி’ படத்தை எடுத்தவரும் அவரே; நிலம், விதை, முன்னோர் என்ற நினைப்பு அங்கிருந்தும் வந்தது என்று சந்தோஷ் நாராயணன் பின்னால் சொன்னார். தீ ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்டவர், ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், சந்தோஷ் நாராயணனின் வீட்டுப் பிள்ளை. ‘மாரி 2’இல் வந்த ‘ரவுடி பேபி’ அவர் குரலை உலகம் முழுக்கக் கொண்டுபோயிருந்தது. ஆக, கடல் கடந்து போன இரண்டு தமிழ்க் கிளைகள் அந்த ஸ்டுடியோவில் சந்தித்தன. ஒரு பக்கம் யுத்தம் விரட்டிய ஈழம், இன்னொரு பக்கம் ஒப்பந்தம் விரட்டிய மலையகம். யாரும் திட்டமிட்டு இப்படிச் சேர்த்ததாகத் தெரியவில்லை, ஆனால் பாட்டைக் கேட்கும்போது இந்தச் சேர்க்கை எனக்குக் கேட்கிறது.

பாட்டின் உள்கட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தீயின் குரல் குழந்தைகள் விளையாட்டுப் பாட்டுப் போலப் பறவையை, பூச்சியை, ஏரியை, குளத்தைக் கூப்பிட்டுக்கொண்டே தொடங்கும். நாய்க்கும் நரிக்கும் பூனைக்கும் ஏரி குளத்தில் பங்குண்டு என்று சொல்லும். அறிவின் ராப், பாட்டன் பூட்டன் காத்த நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வேகம் பிடிக்கும். பிறகு ஓரிடத்தில் துள்ளல் சட்டென்று அடங்கிவிடும். ஒப்பாரி வரும். மரம் வைத்துத் தோட்டம் வளர்த்த ஒருத்தி, தோட்டம் தழைத்தும் தன் தாகம் தீரவில்லை என்று சொல்லும் இடம். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைக் கேட்டபிறகு முன்னால் ஆடிய ஆட்டத்துக்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது.

ஒப்பாரியைக் கிட்டத்தில் இருந்து கேட்டவர்களுக்கு அதன் கட்டு தெரியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சேர்த்துக்கொள்வார்கள். ஒருத்தி எடுப்பாள். ஒவ்வோர் அடியும் மேலே தொடங்கிக் கீழே இறங்கி ஒரு விம்மலில் முடியும். அந்த விம்மல் தற்செயலாக வருவதில்லை, அதுதான் தாளம். மூச்சை அங்கே வாங்கிக்கொண்டு அடுத்த அடியைத் தொடங்குவார்கள். சொல்லும் பொருளும் செத்தவரோடு நிற்காது. மாமியார் கொடுமை, அண்ணன் சீர் செய்யாதது, பங்காளி பறித்த வரப்பு, எல்லாம் உள்ளே வந்துவிடும். வாய்திறந்து குறைசொல்ல வேறு இடம் கிடைக்காத பெண்கள், யாரும் அதட்ட முடியாத ஒரே இடத்தில் சொல்லிவிடுவார்கள். மிராசுதார் வீட்டுக் கணக்கும்கூட அதில் வரும்.

நடவுப் பாட்டு இதற்கு நேர் எதிர். குறுவைக்கோ சம்பாவுக்கோ நாற்றுமுடியைச் சேற்றில் விசிறிவிட்டு வரிசையாக இறங்குவார்கள். குனிந்த முதுகு நிமிராமல் மணிக்கணக்கில் பின்னால் நகர வேண்டும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். விரல் சேற்றில் இறங்கும் கணமும் அசை விழும் கணமும் ஒன்றாக இருக்கும். அதனால்தான் அந்தப் பாட்டுகள் துள்ளும். துள்ளாவிட்டால் இடுப்பு தாங்காது. கேலி, கொஞ்சல், காதல், நடுவே ஆண்டைக்கு ஒரு குத்தல். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்தபிறகு அந்தக் குரல் எங்கள் வயல்களில் தேய்ந்துகொண்டே வருகிறது.

‘என்ஜாய் எஞ்சாமி’ செய்த காரியம் இதுதான்: நடவின் துள்ளலையும் ஒப்பாரியின் விம்மலையும் ஒரே பாட்டில் வைத்தது. ஊரில் இவை இரண்டும் ஒரே வாயில் பிறந்தவை. காலையில் வயலில் பாடியவளே சாயங்காலம் சாவு வீட்டில் பாடுவாள். சினிமா இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. கிராமத்துப் பாட்டு என்றால் ஒன்று குத்து, இல்லையேல் அழுகை. பிரிந்ததை இந்தப் பாட்டு திரும்பச் சேர்த்தபோது, காரணம் தெரியாமலேயே சனம் அதைத் தன் பாட்டு என்று கண்டுகொண்டது. மொழி தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. கேரளப் போலீஸ் கொரோனா விழிப்புணர்வுக்கு அந்த மெட்டில் ஆடிக் காணொளி போட்டார்கள். பிரான்ஸின் டிஜே ஸ்நேக் அதை மறுகலவை செய்தார்.

மலையகத்திலும் பாட்டுக்குச் சனத்தின் குறையைச் சொல்லும் வேலை புதிதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் 1930களில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னால் பாடுவார்; தொழிலாளர் நிலையை மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளிலேயே எழுதி 1940இல் புத்தகமாகவும் போட்டார். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் வாய்மொழியாக இருந்த பாட்டுகளைத் தொகுத்து வைத்தார். கொழுந்து எடுப்பவர்கள், கவ்வாத்து வெட்டுபவர்கள், கங்காணியைக் கரித்துக்கொட்டியவர்கள் பாடிய பாட்டுகள். பாடியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பெயர் என்ற விஷயம் இங்கிருந்துதான் இந்தக் கதைக்குள் வருகிறது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் கனடாத் தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். எழுதிப் பாடிய அறிவு இல்லை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மறுகலவைப் பாட்டுக்குப் பெரிய விளம்பரம் எழுந்தபோதும் அவர் முகம் இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார். சலசலப்புக்குப் பிறகு அந்த இதழ் அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை போட்டது.

அந்த இதழின் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் மனம் இன்னும் கனக்கும். மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக் கூலி வேலை பார்த்த கறுப்பினத்தவர் மட்டி வாட்டர்ஸ். 1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் ஒர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தப் பண்ணைக்குப் போய் அவர் பாட்டைப் பதிந்தார்கள். தன் குரலைத் தானே தட்டில் கேட்டபிறகுதான் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. 1943இல் சிகாகோவுக்குப் போனார். 1950இல் அவர் பாடிய ‘ரோலிங் ஸ்டோன்’ பாட்டிலிருந்து 1962இல் லண்டனில் ஒரு குழு தன் பெயரை எடுத்தது. 1967இல் தொடங்கிய அந்த அமெரிக்கப் பத்திரிகையின் பெயருக்குப் பின்னாலும் அந்தப் பாட்டு நிற்கிறது. தோட்டக் கூலி ஒருவரின் பாட்டால் பெயர் பெற்ற இதழ், தோட்டக் கூலி ஒருத்தியின் பேரனை அட்டையில் மறந்தது.

ராக் இசையின் பிறப்பே இந்த மாதிரிதான். பருத்திக் காட்டின் புளூஸ்தான் அதன் தாய். லெட் செப்பலின் என்ற ராக் குழு 1969இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற ‘ஹோல் லாட்டா லவ்’ தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆயிற்று. பிறகு பாட்டின் கீழே டிக்சன் பெயரும் வந்தது. அவருக்குக் கிடைத்தது, பெயர் பதிவாகியிருந்ததால். பதியாத பெயர்களுக்கு வழக்குப் போட யாருமில்லை.

2022 ஜூலை 28ஆம் தேதி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதலமைச்சரும் கலந்துகொண்ட அந்த விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாட்களில் அவர் எழுதிய குறிப்பு பெரிய விவாதமாயிற்று. மெட்டும் சொல்லும் தன்னுடையவை, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, இதற்காக ஏறக்குறைய ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்தேன் என்றார். இசையமைப்பும் ஒலி வடிவமும் தன் வேலை, வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அறிவின் பங்கை எங்கேயும் மறைக்கவில்லை என்று தீயும் எழுதினார்.

நான் இதில் நீதிபதி வேலை பார்க்க வரவில்லை. ஆனால் என் கருத்தைச் சொல்லாமலும் இருக்க முடியாது. சந்தோஷ் நாராயணனின் ஒலி இல்லாமல், தீயின் குரல் இல்லாமல் இது இவ்வளவு தூரம் போயிருக்காது. அது உண்மை. ஆனால் அறிவு கொண்டுவந்ததைக் காசு கொடுத்து எங்கும் வாங்க முடியாது. மூன்று பேரில் யாருடைய இடத்தில் வேறு யாரை வைத்தாலும் பாட்டு மாறியிருக்கும். அறிவின் இடத்தில் வேறு யாரை வைத்தாலும் இந்தப் பாட்டே இருந்திருக்காது. எழுதியவர் ஊரில் இல்லாத நாளில் மேடையேற்றினால், முதலில் அவர் பெயரைச் சொல்லிவிட்டு ஏற்றியிருக்கலாம்.

பணக் கதை இன்னும் வருத்தமானது. 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்றாண்டு நிறையும் வேளையில், இந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். ரகுமானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றார். நிறுவனம் அதை மறுத்தது. யார் சொல்வது எப்படியிருந்தாலும், நிலமில்லாதவர்களைப் பற்றிய பாட்டு இப்படியொரு கணக்கு வழக்கில் வந்து நின்றதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதிப்படுத்த இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அந்தச் சட்டம் இருந்தும் இந்த நிலை. அதே சட்டத்தில், ஆசிரியர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்த நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தனிப் பாதுகாப்பு இன்றுவரை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அறிவு அதற்குத் தன் வழியில் பதில் சொன்னார். 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு கூலிக்காரப் பெண்ணின் பெயர் இப்போது ஓர் இசைத் தொகுப்பின் தலைப்பில் நிற்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை காலத்துத் தோட்டத்துப் பாடகிகளுக்குக் கிடைக்காதது வள்ளியம்மாளுக்குக் கிடைத்தது.

சுரக்குடியிலும் திருநள்ளாற்றுப் பக்கத்து ஊர்களிலும் நடவுப் பாட்டு தெரிந்த ஆத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் பாட்டும் போய்விடும். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் இருக்கும் போன், லோமாக்ஸ் காரில் ஏற்றிக்கொண்டு போன கருவியைவிடப் பல மடங்கு நல்லது. உங்கள் பாட்டியையோ பக்கத்து வீட்டு ஆத்தாவையோ பாடச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொன்னால் மறுப்பார்கள், அது ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை மதித்துத் தோப்பிலோ களத்துமேட்டிலோ உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். பதிந்த பாட்டோடு பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்குப் பாடினார், யாரிடம் கற்றார், எந்த வருஷம் பதிந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் கிடாரோடு மேடையேறும்போது, யாருடைய பாட்டு என்று அவர் தயங்காமல் சொல்ல அந்தப் பெயர் வேண்டும்.